விஸ்துலாக் கரை நகரங்கள் – 6: கோதுமையும் காற்றுமண்ணும் வளர்த்த கஜிமியெஷ் டோல்னி

சாந்தோமியெஷ் நகரை விட்டு வடக்கே திரும்பும் விஸ்துலா ஆறு, ஜாவிஹோஸ்ட் என்னும் சிற்றூரைக் கடந்ததும் தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது என்று சென்ற பகுதியின் இறுதியில் கூறப்பட்டது. அதுவரை அகன்ற தாழ்நிலத்தில் பரந்து கிடந்த ஆறு, அங்கிருந்து புவாவி நகரம் வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவுக்கு, இருபுறமும் மேட்டுநிலம் நெருக்கும் பள்ளத்தாக்கு ஒன்றின் வழியே செல்கிறது. தெற்குப் போலந்தின் மேட்டுநிலத்தை ஆறு அறுத்துக்கொண்டு வெளியேறும் இந்த இடத்தைப் போலந்தின் புவியியலாளர்கள் 'விஸ்துலாவின் உடைப்பு' என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். பள்ளத்தாக்கு மிகவும் ஒடுங்கி, ஒரு கிலோமீட்டரைச் சற்றே மிஞ்சிய அகலத்துக்குச் சுருங்கும் இடத்தில், லூப்ளின் நகருக்கு மேற்கே, ஆற்றின் வலக்கரையில் அமைந்திருக்கிறது கஜிமியெஷ் டோல்னி. மூவாயிரத்துக்கும் குறைவான மக்களே வாழும் ஊர் இது. ஆயினும் போலந்து அரசு 1994 ஆம் ஆண்டில் 'வரலாற்றுச் சின்னம்' என்னும் உயர்ந்த பாதுகாப்பு நிலையை முதன்முதலில் வழங்கத் தொடங்கியபோது, பெருநகரங்களோடு சேர்த்து இந்தச் சிற்றூரையும் அப்பட்டியலில் இடம்பெறச் செய்தது.

ஊரின் முதற்பெயர் 'வியெட்ஷ்னா கூரா', அதாவது காற்று வீசும் குன்று. 12 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 'நீதிமான்' என்னும் அடைமொழி பெற்ற இளவரசர் கஜிமியெஷ், இக்குடியிருப்பைக் கிராக்கோவுக்கு அருகே மடம் அமைத்திருந்த நோர்பர்ட் சபைக் கன்னியருக்குத் தானமாக அளித்தார். தானம் பெற்ற கன்னியர் அவர் பெயரையே ஊருக்குச் சூட்டினர் என்பது மரபு. கிராக்கோவை ஒட்டி அதே பெயரில் இன்னொரு நகரம் பிற்காலத்தில் தோன்றியதால், வேறுபடுத்துவதற்காக 'டோல்னி' என்னும் சொல் இணைந்தது. அதன் பொருள் 'கீழ்' என்பதாகும். தமிழில் 'கீழ்' கிழக்குத் திசையையும் சுட்டுவதால் மயங்க இடமுண்டு, ஆனால் இங்கே அது ஆற்றோட்டத்தின் கீழ்ப்பக்கத்தை மட்டுமே குறிக்கிறது. ஊரின் பெயரே, திசையைக் கொண்டல்லாமல், ஆறு ஓடும் போக்கைக் கொண்டு அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

காற்று வீசும் குன்று என்ற பழம்பெயரைச் சூட்டியவர்கள் நிலவியல் அறிந்தவர்கள் அல்லர். எனினும் அறியாமலேயே அவர்கள் ஓர் உண்மையைத் தொட்டுவிட்டனர். இப்பகுதியின் குன்றுகளைப் போர்த்தியிருக்கும் மண், உண்மையாகவே காற்று கொண்டுவந்து கொட்டிய மண். கடைசிப் பனியூழியில் வடக்கு ஐரோப்பாவைப் பனிப்பாளங்கள் மூடியிருந்தபோது, அவற்றின் விளிம்பில் மரஞ்செடியற்றுக் கிடந்த வெற்று நிலங்களிலிருந்து நுண்ணிய தூசியைக் காற்று வாரிச் சென்று, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இங்கே படியவிட்டது. 'லோயஸ்' என்று உலகெங்கும் வழங்கும் இந்த வெளிர்மஞ்சள் நிறப் படிவு, மணலினும் நுண்ணியது, களிமண்ணினும் பருத்தது; சில இடங்களில் 30 மீட்டர் வரை கனமாகப் படிந்திருக்கிறது. அதற்கு அடியில் இருப்பது, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தின் கடலடியில் உருவான, சிலிக்கா கலந்த சுண்ணாம்புக்கல். 'ஒப்போக்கா' என்று உள்ளூரில் பெயர் பெற்ற, வெட்டுவதற்கு எளிதான, வெண்மையும் இளமஞ்சளும் கலந்த கல் அது. மேலே உழவுக்கு மண், கீழே கட்டடத்துக்குக் கல், அருகே ஏற்றுமதிக்கு ஆறு என்று மூன்றும் ஒரே இடத்தில் கூடியதில்தான் இவ்வூரின் பிற்கால வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

லோயஸ் மண்ணுக்கு இரு குணங்கள் உண்டு. ஒன்று, அது நீரை நன்கு பிடித்துவைக்கும் வளமான விளைநிலம். மற்றொன்று, அதன் நுண்துகள்கள் சுண்ணாம்புச் சத்தால் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், வெட்டினால் செங்குத்துச் சுவராக நிற்கும். ஆனால் மேற்பரப்பின் மரப்போர்வை நீங்கி ஓடும் நீர் அதன்மேல் பாய்ந்துவிட்டால், கரைந்து ஓடிவிடும். காட்டை அழித்துக் கழனியாக்கிய உழவர்கள், விளைச்சலை ஆற்றங்கரைக்குக் கொண்டுசெல்ல வண்டிப்பாதைகளை அமைத்தனர். சக்கரங்கள் மண்ணைத் தளர்த்த, மழைநீரும் உருகிய பனிநீரும் தளர்ந்த மண்ணை அடித்துச்செல்ல, பாதை ஆண்டுக்காண்டு கீழிறங்கி, இறுதியில் இருபுறமும் ஆளுயரத்தைப் பன்மடங்கு விஞ்சிய சுவர்களைக் கொண்ட ஓடைப்பள்ளமாயிற்று. இப்படி உருவான பள்ளங்கள் ஊரைச் சுற்றிச் சில இடங்களில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 10 கிலோமீட்டர் நீளத்துக்கும் மேலாக வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. ஐரோப்பாவில் இவ்வளவு நெருக்கமான ஓடைப்பள்ளத் தொகுதி வேறெங்கும் காண்பது அரிது. அவற்றுள் புகழ்பெற்ற 'கொஷெனியோவி தூவ்', அதாவது வேர்ப்பள்ளம், பழைய வண்டிப்பாதை ஒன்றின் எச்சமே. மண் கரைந்துபோன பின்னும் பிடியை விடாத மரங்களின் வேர்கள் இரு சுவர்களிலும் பின்னிப் பிணைந்து தொங்க, வெயில் நுழையாத அந்தப் பாதையில் நடப்பதற்காகவே இன்று மக்கள் வருகின்றனர். இயற்கையின் விந்தை என்று வழிகாட்டி நூல்கள் புகழும் இக்காட்சி, பாதி உழவர்களின் கைவேலை என்பதை அந்நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

1979 ஆம் ஆண்டில் இப்பள்ளங்களையும் ஆற்றுப்பள்ளத்தாக்கையும் உள்ளடக்கிக் கஜிமியெஷ் நிலக்காட்சிப் பூங்கா அமைக்கப்பட்டது. நிலக்காட்சிப் பூங்கா என்பது, மக்களை வெளியேற்றிக் காடாக்கும் காப்பகமன்று. உழவும் குடியிருப்பும் தொடர, நிலத்தின் தோற்றம் கெடாமல் காக்கும் ஏற்பாடு. ஊருக்குத் தெற்கே மியெஞ்ச்மியெஷ் என்னும் பழைய மீனவச் சிற்றூரின் பக்கம், வெயில் நேரே விழும் சுண்ணாம்புச் சரிவுகளில் வறண்ட புல்வெளிக்குரிய செடிகள் வளர்கின்றன; எதிரே ஆற்றில் அணைகளால் கட்டுண்ணாத மணல்திட்டுகளும் தீவுகளும் ஆலாக்களுக்கும் நீர்க்காகங்களுக்கும் இடமளிக்கின்றன.

ஊரின் மேலே குன்றில் நிற்கும் வட்டக் கோபுரம், இங்கே எஞ்சியுள்ள கட்டடங்களுள் மிகப் பழையது. 13, 14 ஆம் நூற்றாண்டுகளின் சந்திப்பில் கட்டப்பட்டதாகக் கருதப்படும் இது ஏறத்தாழ 20 மீட்டர் உயரமுடையது. அதன் மூல வாயில் தரையில் இல்லாமல், ஏணி வைத்து ஏறும்படி பல மீட்டர் உயரத்தில் அமைந்திருந்தது. பகைவர் வரும்போது ஏணியை மேலே இழுத்துக்கொள்வதற்கான ஏற்பாடு அது. இக்கோபுரம் ஆற்றில் செல்லும் படகுகளைக் கண்காணிக்கவும், வரி தண்டவும் உதவியது. அதற்குச் சற்றுக் கீழே உள்ள கோட்டையைக் கட்டியவராகக் கருதப்படுபவர் 1333 முதல் 1370 வரை ஆண்ட மூன்றாம் கஜிமியெஷ் மன்னர். போலந்து வரலாற்றில் 'பெரியவர்' என்ற அடைமொழி பெற்ற ஒரே மன்னரான இவருக்கும் எஸ்தெர்கா என்னும் யூதப் பெண்ணுக்கும் இருந்த காதலை ஊர்க்கதைகள் விரித்துரைக்கின்றன. அவளுக்காகப் பக்கத்து ஊரான பொஹோட்னிட்சாவில் மன்னர் ஒரு கோட்டை கட்டினார் என்றும், இரு கோட்டைகளையும் நிலத்தடிச் சுரங்கம் இணைத்தது என்றும் அவை சொல்லும். 15 ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யான் துவுகோஷ் எஸ்தெர்காவைக் குறிப்பிட்டபோதிலும், அவர் மன்னருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர். சுரங்கத்தைப் பொறுத்தவரை, பழங்கோட்டை உள்ள எந்த நாட்டிலும் அத்தகைய கதை இல்லாமலிருப்பதில்லை.

நகரத்தின் செல்வம் அரசரிடமிருந்து வந்ததைவிட ஓர் உடன்படிக்கையிலிருந்தே மிகுதியாக வந்தது. 1466 ஆம் ஆண்டின் தோருன் உடன்படிக்கையால், விஸ்துலா கடலில் சேரும் பகுதியும் கிதான்ஸ்க் துறைமுகமும் போலந்து முடியின்கீழ் வந்தன. அதுவரை தியூட்டானிய வீரத்துறவியர் அமைப்பின் பிடியிலிருந்த ஆற்றின் வாய் திறந்ததும், மேட்டுநிலத்தின் கோதுமைக்கும் ரை என்னும் குளிர்நாட்டுத் தானியத்துக்கும் மேற்கு ஐரோப்பாவின் சந்தை எட்டும் தொலைவில் வந்துவிட்டது. அறுவடையான தானியம் குளிர்காலத்தில் போரடிக்கப்பட்டு, வண்டிகளிலும் பனிச்சறுக்கு வண்டிகளிலும் கரைக்கு வந்து சேரும். ஆனால் படகுகள் புறப்பட வேண்டுமானால் பனி உருகி ஆற்றில் நீர் உயர வேண்டும். இந்த இடைக்காலத்துக்குத்தான் களஞ்சியங்கள் தேவைப்பட்டன. கஜிமியெஷில் அவை மரத்தாலும் பின்னர் ஒப்போக்காக் கல்லாலும் கட்டப்பட்டு, உச்சக்கட்டத்தில் கரையோரமாகப் பல பத்துகளாக நின்றன. கனத்த சுவர்களும், காற்றோட்டத்துக்குச் சிறு சாளரங்களும், உயர்ந்து செங்குத்தாகச் சரியும் கூரையும், வணிகரின் தகுதியை ஆற்றிலிருந்து பார்ப்போருக்கு அறிவிக்கும் அலங்காரமான முகப்பும் இவற்றின் பொது அமைப்பு. தானியம் சேர்க்கும் இடத்துக்கு அரண்மனை முகப்பு எதற்கு என்ற கேள்வி எழலாம். பொருளைக் காண்பதற்கு முன் பொருளுக்குரியவரை நம்ப வேண்டிய வணிகத்தில், முகப்பும் ஒரு முதலீடே.

களஞ்சியத்திலிருந்து தானியம் பலவகை ஓடங்களில் ஏறியது. 'ஷ்குத்தா' என்பது பாயும் துடுப்புகளும் கொண்ட தட்டையடிப் பெரும்படகு. 100 டன் வரை சுமக்கக்கூடியது. 'கொமியெங்கா' என்பது பலகைகளைச் சேர்த்து ஒரே பயணத்துக்காகச் செய்யப்பட்ட எளிய ஓடம். கிதான்ஸ்க் சேர்ந்ததும் சரக்கை இறக்கிவிட்டு, ஓடத்தையும் பிரித்து மரமாக விற்றுவிடுவர். இவற்றைச் செலுத்திய ஆற்றோடிகள் 'ஃபிளிசாக்' எனப்பட்டனர். மணல்திட்டுகள் ஆண்டுதோறும் இடம்மாறும் ஆற்றில் வழியறிவதே அவர்களது கலை. லூப்ளின் நகரின் ஆட்சிப் பொறுப்பு வகித்த கவிஞர் செபாஸ்தியான் குளோனோவிட்ஸ் 1595 இல் வெளியிட்ட 'ஃபிளிஸ்' என்னும் நூல் முழுவதும் இந்த ஆற்றுப்பயணத்தையே பாடுபொருளாகக் கொண்டது என்பதிலிருந்து, அக்காலத்தவர் மனத்தில் இவ்வணிகம் பெற்றிருந்த இடம் விளங்கும். கிதான்ஸ்கில் தானியம் 'வாஷ்ட்' என்னும் அளவையால் அளக்கப்பட்டது. ஒரு வாஷ்ட் ஏறத்தாழ இரண்டு டன். அத்துறைமுகத்தின் ஏற்றுமதி உச்சத்தைத் தொட்ட 1618 ஆம் ஆண்டில் ஒரு லட்சம் வாஷ்டுக்கும் மேற்பட்ட தானியம் கப்பலேறியது. அதில் பெரும்பகுதி ஆம்ஸ்டர்டாமுக்குச் சென்றது. திரும்பும் படகுகள் துணி, மதுரசம், உப்பிட்ட மீன், நறுமணப் பொருள்கள் ஆகியவற்றை ஏற்றிவந்தன.

இந்தச் செழிப்பின் மறுபக்கத்தை மறைத்துவிட்டு முகப்புகளைப் போற்றுவது முறையாகாது. ஏற்றுமதிக்கான தானியம் பிரபுக்களின் பண்ணைகளில் விளைந்தது. அப்பண்ணைகளில் உழைத்தவர்கள் நிலத்தோடு பிணைக்கப்பட்ட குடியானவர்கள். வாரத்தில் ஒரு நாளேனும் கூலியின்றிப் பண்ணையில் உழைக்க வேண்டுமென்று 1520 ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. தானிய விலை ஏற ஏற அந்த ஒரு நாள் பலநாளாகப் பெருகியது. ஆம்ஸ்டர்டாமின் ரொட்டிக்கும் கஜிமியெஷின் சிற்பங்களுக்கும் விலை கொடுத்தவர்கள் இவர்களே.

அந்தச் சிற்பங்களுள் தலையாயவை சந்தைச் சதுக்கத்தில் ஒட்டிநிற்கும் இரு வீடுகளில் உள்ளன. மிக்கோவாய், கிஷிஸ்தோஃப் என்னும் பிஷிபிவா சகோதரர்கள் 1615 இல் நிறைவுசெய்த இவ்வீடுகளின் முகப்பு முழுவதும் சுண்ணச்சாந்துப் புடைப்புருவங்கள் நெருங்கி நிறைந்திருக்கின்றன. ஒவ்வொருவரும் தம் பெயருக்குரிய புனிதரைத் தம் வீட்டில் பொறித்துக்கொண்டனர். நிக்கோலாஸ் ஒரு வீட்டில், கிறிஸ்தோபர் மற்றொன்றில். குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தவர் கிறிஸ்தோபர் என்பது கிறித்தவ மரபு; ஆற்றால் பிழைத்த வணிகரின் சுவரில் அவர் மாபெரும் உருவத்தோடு நிற்பது பொருத்தமே. வீடுகளின் உச்சியில் கூரையை மறைத்து உயரும் அலங்காரச் சுவருக்கு 'அட்டிக்கா' என்று பெயர். அழகுக்காக மட்டுமன்றி, ஒரு வீட்டில் பற்றிய தீ பக்கத்துக் கூரைக்குத் தாவாமல் தடுப்பதற்காகவும் போலந்து நகரங்களில் இது பரவியது. கஜிமியெஷுக்குத் தீயின் பாடம் புதிதல்ல. 16 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெருந்தீ இருமுறை ஊரைத் தின்றிருந்தது. தீயில் சிதைந்து, 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுப்பிக்கப்பட்ட பங்குக்கோயில் 'லூப்ளின் மறுமலர்ச்சி' என்று கலை வரலாற்றாளர் குறிப்பிடும் பாணிக்குச் சான்றாகும்: இத்தாலிய முறைகளை உள்ளூர்க் கொத்தர்கள் தம் விருப்பப்படி வளைத்து, வளைகூரையின் உட்புறத்தை இதயம், விண்மீன் முதலிய வடிவங்களால் பின்னிய பாணி அது. 1620 ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கோயிலின் ஆர்கன் இன்றும் இசைக்கப்படுகிறது.

வீழ்ச்சி பல திசைகளிலிருந்தும் வந்தது. 1655 இல் தொடங்கிய ஸ்வீடன் படையெடுப்பு ஊரையும் கோட்டையையும் சூறையாடியது. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போரும் கொள்ளைநோயும் சேர்ந்துவந்தன. கோயிலுக்கு மேலே உள்ள குன்றில் நிற்கும் மூன்று சிலுவைகள் அந்நோயில் மாண்டவர்களின் நினைவு என்பது மரபாயினும், குன்று அதற்கும் முன்பே 'சிலுவைக் குன்று' என்ற பெயரால் வழங்கியிருக்கிறது. 1772 இல் போலந்தின் முதற் பிரிவினையில் ஆற்றின் கீழ்ப்பகுதியைக் கைப்பற்றிய பிரஷ்யா, படகுகள்மீது கடும் வரி விதித்தது. ஆறும் கைவிட்டது; அதன் நீரோட்டம் களஞ்சியங்களை விட்டு விலகிச் சென்றது. 1863 ஆம் ஆண்டின் எழுச்சிக்குத் தண்டனையாக ரஷ்யப் பேரரசு நூற்றுக்கணக்கான போலந்து ஊர்களின் நகரத் தகுதியைப் பறித்தபோது, 1869 இல் கஜிமியெஷும் கிராமமாயிற்று. அத்தகுதி 1927 இல்தான் மீண்டது. பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்டப் பணமில்லாமற்போனதே அவற்றைக் காத்தது.

வணிகம் ஒடுங்கிய இவ்வூரின் அடுத்த அத்தியாயத்தை எழுதியவர்கள் யூதர்கள். இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மக்களில் ஏறத்தாழப் பாதியாக இருந்த அவர்கள், தம் இத்திஷ் மொழியில் ஊரைக் 'குஸ்மிர்' என்று அழைத்தனர். மகிழ்ச்சியும் இசையும் கலந்த பக்தியை வலியுறுத்திய ஹசிதிய இயக்கத்தின் குருமார்களுள் ஒருவரான எசக்கியேல் தவுப், 1856 இல் மறையும்வரை இங்கே வாழ்ந்து, சொல்லில்லாத மெட்டுகளையே வழிபாடாக்கும் மரபு ஒன்றைத் தோற்றுவித்தார்; ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் உள்ள தெம்பிளின் நகரில் அவருடைய பேரர் நிறுவிய மோஜித்ஸ் மரபு, இன்றும் யூத இசையில் தனியிடம் பெற்றுள்ளது. ஷோலெம் ஆஷ் 1904 இல் வெளியிட்ட 'தாஸ் ஷ்டெட்ல்' என்னும் இத்திஷ் படைப்பு இவ்வூரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. 'ஷ்டெட்ல்' என்றால் யூதர் மிகுந்து வாழும் சிறுநகரம். 1936 இல் 'யிட்ல் மிட்ன் ஃபிட்ல்', 1937 இல் 'தெர் திபுக்' என்னும் புகழ்பெற்ற இரு இத்திஷ் திரைப்படங்களின் வெளிப்புறக் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. முதற்படத்தின் திருமணக் காட்சியில் ஊர்மக்களே நடித்தனர். அந்த முகங்களைப் பதிவுசெய்த ஆவணமாகவும் அப்படம் மாறிவிடும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

அதே காலத்தில் வார்சா நுண்கலைப் பள்ளியின் பேராசிரியர் ததெயுஷ் புருஷ்கோவ்ஸ்கி, கோடைதோறும் மாணவர்களை இங்கே அழைத்துவந்து திறந்தவெளியில் வரையப் பழக்கினார். 1925 இல் அவர்களுள் சிலர் ஓவியர்களின் காவற்புனிதரான லூக்காவின் பெயரால் ஒரு குழு அமைத்தனர். ஒரே ஓவியத்தை இருவரும் மாறிமாறித் தீட்டிய இரட்டையரான எஃப்ராயிம், மெனாஷே சைடன்பாய்டெல் ஆகியோரும் இவ்வட்டத்தைச் சேர்ந்தவர்கள். விடுமுறைக் கலைஞரும் உள்ளூர் ஏழைகளும் ஒரே ஊரில் இரு வேறு உலகங்களாக வாழ்ந்ததை, மரியா குன்ட்செவிச்சோவா 1933 இல் வெளியிட்ட 'இரு நிலவுகள்' என்னும் கதைத்தொகுப்பில் கண்ணோட்டத்தோடு சித்திரித்தார்; அவருடைய வீடு இன்று அருங்காட்சியகம்.

1942 இன் வசந்த காலத்தில் குஸ்மிர் முடிந்தது. சேரியில் அடைக்கப்பட்டிருந்த யூதர்கள் வெளியேற்றப்பட்டு, ஒப்போலே லுபெல்ஸ்கி என்னும் ஊர் வழியாகக் கொலைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். ஜெர்மானிய ரகசியக் காவல்படையினர் பிரான்சிஸ்கன் துறவியரின் மடத்தைத் தம் தலைமையிடமாக்கிக்கொண்டு, யூதர் கல்லறைகளின் நடுகற்களைப் பெயர்த்து அதன் முற்றத்தில் பாவினர். புருஷ்கோவ்ஸ்கி அதே ஆண்டு வார்சாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். சைடன்பாய்டெல் இரட்டையர் 1945 இல், விடுதலைக்குச் சில நாள்களே இருந்தபோது கொல்லப்பட்டனர். மீட்கப்பட்ட நடுகற்களை நெருக்கமாகப் பதித்து, செர்னியாவி என்னும் புறப்பகுதியில் 1984 இல் ஒரு நினைவுச்சுவர் எழுப்பப்பட்டது. ததெயுஷ் அவ்குஸ்தினெக் வடிவமைத்த அச்சுவரை மேலிருந்து கீழாக ஒரு பிளவு இரண்டாக்குகிறது. விளக்கம் வேண்டாத பிளவு அது.

1944 கோடை முதல் 1945 ஜனவரி வரை விஸ்துலாவே போர்முனையாக இருந்ததால், ஊரின் பெரும்பகுதி இடிந்துபோனது. மறுசீரமைப்பை ஏற்ற கட்டடக் கலைஞர் காரோல் சிச்சின்ஸ்கி, உள்ளூர்க் கல்லையும் உயர்ந்த சரிகூரையையும் விட்டுக்கொடுக்காமல், புதிய வீடுகளையும் பழைய அளவுக்குள் அடக்கினார். ஆகவே இன்றைய பயணி 17 ஆம் நூற்றாண்டாக எண்ணி வியப்பனவற்றுள் கணிசமான பகுதி 20 ஆம் நூற்றாண்டின் வேலை. சதுக்கத்தின் நடுவே கூரையோடு நிற்கும் மரக்கிணறுகூட 1913 இல் யான் கோஷ்சிட்ஸ்-வித்கியெவிச் வடிவமைத்ததே. பாழடைந்து கிடந்த யூதத் தொழுகைக்கூடம் 1950களில் திரையரங்காக எழுந்தது. இந்நூற்றாண்டில்தான் யூதச் சமூகத்திடம் திரும்பியது.

இன்று ஊரின் வருவாய் சுற்றுலாவைச் சார்ந்தது. 1967 முதல் நாட்டுப்புற இசைக்குழுக்களின் தேசிய விழா ஆண்டுதோறும் இங்கே நடைபெறுகிறது. சேவல் வடிவில் சுடப்படும் இனிப்பு ரொட்டி எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். ஊரின் சேவல்களையெல்லாம் தின்ற பேயிடமிருந்து ஓடைப்பள்ளத்தில் ஒளிந்து தப்பிய கடைசிச் சேவலின் கதை அதனோடு சேர்த்து விற்கப்படுகிறது. எஞ்சிய சில களஞ்சியங்களில் விடுதிகள் இயங்குகின்றன. 1591 ஆம் ஆண்டுக் களஞ்சியம் ஒன்றில் இயற்கை அருங்காட்சியகம் அமைந்து, முன்பு கோதுமை குவிந்த தளங்களில் இப்போது அக்கோதுமையை விளைவித்த நிலத்தின் கதை காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. சரக்குப் படகு ஆற்றில் வருவதில்லை. நீர்மட்டம் இடங்கொடுக்கும் மாதங்களில் மட்டும் ஓர் ஓடம் மக்களையும் வண்டிகளையும் எதிர்க்கரையில் உள்ள யானோவியெட்ஸுக்குக் கடத்திவிடுகிறது. கஜிமியெஷ் கோட்டையை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தம் பொறுப்பில் வைத்திருந்த ஃபிர்லெய் குடும்பத்தினரே அக்கரையிலும் ஒரு கோட்டை கட்டினர். அடுத்த பகுதி அந்தக் கரையில் தொடங்கும்.